பனிக்குள் எழுதிய பதினான்கு வரிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டி வாவியின் மேல் மழை பெய்துகொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. நினைவில் எஞ்சியிருப்பது மழைக்கும் வெயிலுக்கும் இடைப்பட்ட ஒரு வெளிச்சமும், அவ்வெளிச்சத்தில் மண்டபத்தின் படிகளில் ஏறிச் சென்ற உருவங்களுமே. வெள்ளித் தாள் ஒட்டிய கவசம் பூண்ட ஒருவர் தம் கேடயத்தைக் குடைபோல் தலைக்கு மேல் பிடித்திருந்தார். இன்னொருவர் தம் மீன்தலையைக் கழற்றிக் கை இடுக்கில் வைத்துக்கொண்டு தள்ளுவண்டியில் கடலை வாங்கினார். நீல இறக்கைகள் கட்டிய பெண்ணொருத்தி, வாயில் குறுகலாக இருந்தமையால், பக்கவாட்டில் நடந்து உள்ளே போனாள். எவரும் எவரையும் வியந்து பார்க்கவில்லை. கனவில் தோன்றுவோர் ஒருவரையொருவர் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள் போலும்.

நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சித்திரக்கதை வரைவோரும் வாசிப்போரும், பலர் கதைமாந்தர்போல் வேடமிட்டு, ஒன்றுகூடிய பெருவிழா அது. நாங்கள் மூவர் போயிருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து, ஒரே சித்திரக்கதைப் புத்தகத்தை மேசைக்கடியில் கைமாற்றி வாசித்தவர்கள். ஒருவன் பன்விலையைச் சேர்ந்தவன், தோட்டத்து அலுவலகத்தில் எழுதுநர், வரைவான். மற்றவன் திகனயில் ஆணியும் பெயின்டும் விற்கும் வன்பொருட்கடை நடத்துகிறவன். வரையவும் மாட்டான், எழுதவும் மாட்டான். ஆனால் எங்கள் இருவரையும் ஏற்றிச் செல்லும் வான் வண்டி அவனுடையது. நான் தமிழ் கற்பிக்கிறேன். ஒற்று மிகும் இடத்தில் மிகாமலும், மிகாத இடத்தில் மிகுந்தும் எவரேனும் எழுதிவிட்டால் அன்றைய உணவு எனக்குச் செரிக்காது என்பது நண்பர்களின் குற்றச்சாட்டு. திகனக்காரன் என்னைப் பண்டிதர் என்றே அழைப்பான்.

அவ்விழாவில் எங்களுக்கு ஒரு மேசை கிடைத்திருந்தது. பன்விலைக்காரன் பத்து ஆண்டுகளாக வரைந்தவற்றுள் முதன்முதலாக அச்சேறிய சித்திரக்கதை அந்த மேசையில் விற்பனைக்கு வரவிருந்தது. சொற்கள் என்னுடையவை.

கதை மிகச் சிறியது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் தன் மகனைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறையில், விட்டுப் போகிறாள். அவள் பனிமூட்டத்துக்குள் மறைவதை அவன் சன்னலில் நின்று பார்க்கிறான். பகல் முழுவதும் காத்திருக்கிறான். அவள் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான். அந்தத் தாய் அவனுடைய அம்மா, மகன் அவனே. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. எனவே அவருக்கு விளங்க வேண்டியவை அனைத்தும் படத்திலேயே இருக்க வேண்டும் என்று அவன் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தான். அன்று பிற்பகல், கோயிலில் பூசை முடிந்ததும், அவர் பேருந்தேறி விழாவுக்கு வருவதாக ஏற்பாடு.

எங்கள் வேலைமுறை எளிமையானது. அவன் வரைவான்; பேச்சுக்கும் விவரணைக்கும் உரிய இடங்களை வெள்ளையாக விடுவான்; நான் நிரப்புவேன். 'வெள்ளையா விட்ட இடமெல்லாம் ஒனக்கு' என்பது அவன் வாக்கு. அச்சகத்தில் இறுதிப் படிகளைப் பார்க்க வேண்டிய நாளில் அவனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நான் தனியே போனேன். புத்தகத்தின் நடுவில், எதிரெதிரான இரண்டு பக்கங்கள் முற்றிலும் வெள்ளையாக இருந்தன. வலப்பக்கத்தின் கீழ்மூலையில் மட்டும் ஒரு சிறு சிவப்புப் புள்ளி. இவ்வளவு தாராளமாக இடம் விட்டிருக்கிறானே என்று நான் மகிழ்ந்தேன். அன்று மாலையே, அச்சகத்தின் மரக்கதிரையில் அமர்ந்து, பதினான்கு வரிகள் எழுதி அச்சுக் கோக்கச் செய்தேன். கடைசி வரி அந்தச் சிவப்புப் புள்ளியை ஒட்டி முடிந்தது. அது என் வாக்கியத்துக்கு இட்ட முற்றுப்புள்ளிபோல் இருந்ததைக் கண்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஒரு பெருமிதம்.

மண்டபத்தில், எங்கள் மேசையின் மேல், பன்விலைக்காரன் புத்தகக் கட்டைப் பிரித்தான். மையின் வாசனை எழுந்தது. முதற்பிரதியை மோந்து பார்த்தான். பக்கங்களைப் புரட்டினான். நடுப்பக்கம் வந்ததும் கை நின்றது.

"என்னடா இது?"

"எழுத்து" என்றேன்.

"அது தெரியுது. இங்க ஏன்டா இருக்கு?"

"நீ வெள்ளையா விட்டிருந்தியே."

அவன் புத்தகத்தை என் பக்கம் திருப்பினான். குரலை உயர்த்தவில்லை. "அது பனிடா" என்றான்.

நான் புள்ளியைப் பார்த்தேன். அது முற்றுப்புள்ளி அன்று. பனிக்குள் போய்க்கொண்டிருக்கும் அம்மா தலையில் கட்டிய சிவப்புத் துண்டு. அந்தப் பரந்த வெண்மையில் அவரை இழந்துவிடுவோமோ என்று ஒரு பிள்ளை அஞ்சும் அந்தக் கணத்தை, வரையாமல் விட்டே அவன் வரைந்திருந்தான். நானோ அதன் மேல் பதினான்கு வரி எழுதியிருந்தேன். அவற்றுள் ஒன்று இப்படி இருந்தது: 'அவள் நடந்தாள், வெண்மை அவளை வாங்கிக்கொண்டது.' அன்றுவரை நான் எழுதியவற்றுள் மிகச் சிறந்த வரி என்று அதனைக் கருதியிருந்தேன்.

திகனக்காரன் எட்டிப் பார்த்தான். "அல்லாவே! பனிக்குள்ள போய் கட்டுரை எழுதி வெச்சீக்கிறாரே நம்ம பண்டிதர்!"

எவரும் சிரிக்கவில்லை. பன்விலைக்காரன் கதிரையில் அமர்ந்து புத்தகத்தை மூடித் திறந்தான், மீண்டும் மூடினான். "அம்மா மூணு மணிக்கு வந்துரும்" என்றான், எங்களிடம் அல்லாமல் புத்தகத்திடம் சொல்வதுபோல். "இந்தப் பக்கத்தத் தொறந்து என்னன்னு காட்டுறது? அதுக்குத் தெரியாத எழுத்தையா?"

திகனக்காரன்தான் முதலில் எழுந்தான். கடைக்காரனுக்கு எந்தச் சேதத்துக்கும் ஒரு பூச்சு உண்டு. குடையை எடுத்துக்கொண்டு நகருக்குள் போய், பிழை மறைக்கும் வெள்ளைப் பேனாக்களை ஒரு பை நிறைய வாங்கி வந்தான். "பெயின்ட் பூசினா தாள் சுருங்கும் மச்சான். இது காஞ்சிரும். இந்தா புடி, பண்டிதர். நீ கெடுத்தத நீயே வெள்ளையடி."

அம்மா பார்க்கும் பிரதியை மட்டும் மறைத்துவிடலாமே என்றேன்.

"அம்மாவுக்கு ஒரு பனி, ஊருக்கு வேற பனியா?" என்றான் பன்விலைக்காரன். "எல்லாத்தையும் அழி. செவப்பு மேல மட்டும் படாம பாத்துக்க."

நாங்கள் மூவரும் மேசையின் பின்னால் அமர்ந்து பனி பூசத் தொடங்கினோம். அந்நேரத்தின் அமைதியை எவ்வாறு சொல்வது? மண்டபம் முழுதும் ஆரவாரம். மேடையில் எவரோ சிங்களத்தில் எதையோ அறிவித்தார், கைதட்டல் எழுந்தது, மரவாள்கள் மோதின, முகமூடிகள் நின்றன, நகர்ந்தன. என் காதுக்கு அவையெல்லாம் மலைக்கு அப்பாலிருந்து வருவனபோல் மங்கலாகவே கேட்டன. பேனாவின் முனையிலிருந்து வெண்மை கசிந்து ஒரு சொல்லை மூடும். பிறகு அடுத்த சொல்லை. வெண்மை என்னும் சொல்லை வெண்மையால் மூடியபோது என் கை சற்றுத் தயங்கியது உண்மை. முதல் பத்துப் பிரதிகளில் என் வரிகளுக்காக வருந்தினேன். பிறகு அவை வரிகளாகவே தெரியவில்லை. புதர்களின் கறுப்பு விளிம்புகள் ஒவ்வொன்றாகப் பனியில் மறைவதுபோல், அவை தாமாகவே போய்க்கொண்டிருந்தன.

மேசையைச் சுற்றிச் சிறு கூட்டம் சேர்ந்தது. நூலை விற்பவர்களே அதனை அழிப்பதை அவர்கள் இதற்குமுன் கண்டிருக்க மாட்டார்கள். நீல இறக்கைப் பெண் என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். பனி போடுகிறோம் என்று பன்விலைக்காரன் அதே மொழியில் சொன்னான். அவள் சிவப்புப் புள்ளியை உற்றுப் பார்த்தாள். யார் அது என்று கேட்கவில்லை. இவர் திரும்பி வருவாரா என்று மட்டும் கேட்டாள். பக்கத்தைப் புரட்டிப் பார்க்குமாறு அவன் சைகை காட்டினான். தமிழில் ஓரெழுத்தும் அறியாத அவள் கடைசிப் பக்கம்வரை நின்று பார்த்து, ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு, ஈரம் ஒட்டாதவாறு நடுப்பக்கத்தை விரித்தபடியே நடந்து போனாள். அந்த இறக்கைகளுக்கிடையில் எங்கள் புத்தகமும் ஒரு வெள்ளை இறக்கையாகக் கூட்டத்துக்குள் போய் மறைந்தது.

அம்மா மூன்று மணிக்குச் சற்று முன்னரே வந்துவிட்டார். கோயிலுக்கு உடுத்திய சேலை, கையில் குடை, தோளில் துணிப்பை. வாயிலில் மீன்தலைக்காரர் வழிவிட்டு நின்றார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தம்பி, உள்ளுக்க வேர்க்கலியா?"

அவர் தமிழ் அறியாதவர். ஆனாலும் மீன்தலையைக் கழற்றி, வியர்த்த முகத்தைக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

அம்மாவை என் கதிரையில் அமர்த்தினோம். அப்போதுதான் பூசி முடித்த பிரதி மேசைமேல் இருந்தது. காய்ந்த பிரதியொன்றை எடுத்து நீட்டுவதற்குள், அவர் அதையே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பன்விலைக்காரன் மேசையின் மறுபக்கம் போய் நின்றான். அவன் கைகள் எங்கே இருப்பதென்று தெரியாமல் அலைந்தன.

"இது பிள்ளைக் காம்பரா" என்றார் அம்மா. "சன்னல் ஒடஞ்சத எல்லாம் போட்டுருக்கானே. கங்காணி பாத்தா ஏசுவாரு." ஒரு பக்கம் புரட்டினார். "இவன்தான் அழுவான். மூக்குகூட ஒழுகுது பாருங்க மாஸ்டர்." இன்னொரு பக்கம் புரட்டினார். நடுப்பக்கம் வந்தது.

இரண்டு பக்கங்களின் மேலும் அவர் பார்வை மெல்ல நடந்தது; இடமிருந்து வலமாக அன்று, பாதை தெரியாத மலையில் ஒருவர் காலடி வைத்துப் போவதுபோல். மூலைக்கு வந்ததும் அம்மா சிரித்தார்.

"இந்தா, போறேன்."

பெருவிரலால் அந்த வெண்மையைத் தடவினார். "பனி சரியாத்தான் போட்டுருக்கான். ஈரம்கூட இருக்கு" என்றார். விரலைத் தூக்கிப் பார்த்தார். அதில் வெள்ளை ஒட்டியிருந்தது. துடைப்பதற்குச் சேலைத் தலைப்பை எடுத்தவர், பிறகு துடைக்காமலே விட்டுவிட்டார்.

பன்விலைக்காரன் முகத்தைத் திருப்பி, மேடையில் நடப்பதைக் கவனிப்பதுபோல் நின்றான். மேடையில் அப்போது எதுவும் நடக்கவில்லை.

"மாஸ்டர், நீங்கதான் எழுதுனீங்கன்னு சொன்னான். மத்த பக்கத்துல எல்லாம் எழுத்து இருக்கு. இதுல ஒண்ணும் காணோமே?"

திகனக்காரனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"பனிக்குள்ள இருக்கும்மா" என்றேன்.

"அப்ப சரி" என்றார் அம்மா. "பனி விலகட்டும்."

இதற்குப் பிறகு சில மாதங்கள் சென்று ஒருநாள் பன்விலைக்குப் போனேன். நண்பன் இன்னும் வேலை முடிந்து வந்திருக்கவில்லை. அம்மா எனக்குத் தேநீர் வைத்துவிட்டு, கண்ணாடி அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தார். அவர் விரலின் தடம் அப்படியே இருந்தது. ஆனால் மலைநாட்டின் ஈரத்தில் பூச்சு ஆங்காங்கே உரிந்திருந்தது.

"பனி விலகுது மாஸ்டர். உள்ளுக்க எறும்பு மாதிரி என்னமோ தெரியுது. என்ன எழுதிருக்கு?"

வெளிப்பட்டிருந்தவை இரண்டே சொற்கள். வாசித்தேன். "அவளை வாங்கிக்கொண்டது."

"எது வாங்குச்சு?"

"பனி. உங்களத்தான், அம்மா."

அம்மா சற்று யோசித்தார். "அது ஒண்ணும் வாங்கல" என்றார். "பின்னேரம் கொழுந்த தராசுல நிறுத்துட்டு நான்பாட்டுக்கு வந்துட்டேனே."

வெளியே, கீழ்ப் பள்ளத்திலிருந்து உண்மையான பனி ஏறி வந்துகொண்டிருந்தது. முதலில் பாதை போயிற்று. பிறகு தண்ணீர்த் தாங்கி. பிறகு வேலியோரத்து வாழை. நான் சட்டைப்பையில் கைவிட்டேன். விழா நாளில் எஞ்சிய வெள்ளைப் பேனா ஒன்று அன்றுமுதல் அங்கேயே இருக்கிறது. அதனைக் குலுக்கி, மூடியைத் திறந்து, அந்த இரண்டு சொற்களையும் மீண்டும் மூடினேன். சிவப்பின் மேல் படாதவாறு அம்மா கைவிரலால் புள்ளியை மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அவசரமில்ல" என்றார். "டீயக் குடிச்சிட்டுப் பூசுங்க."