நாள் குறிக்காத உயில்

ஜப்பானில், ஒனோமிச்சியின் மேட்டுத்தெருவில் மிட்சுவே தன் மாமனாரைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டாள். புருஷன் இறந்துபோன பிறகு அவளுக்கு அங்கே கிடக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பகலெல்லாம் கருவாட்டு ஆலையில் நிற்பாள். காலையும் மாலையும் கிழவர் கென்சாகுவுக்குக் கஞ்சி, குளியல். பதிலுக்கு அவர் கொடுத்ததெல்லாம் ஏச்சுதான்.

"இது கஞ்சியா? காக்கா கூடக் குடிக்காது."

"காக்காகிட்ட அப்புறம் கேட்டுக்கலாம். நீங்க குடிங்க மாமா."

எங்கள் சட்டத்தில் மருமகள் வாரிசு இல்லை. அதனால் வீட்டை அவளுக்கே என்று கிழவர் தன் கைப்பட, தூரிகையால் உயில் எழுதினார். ஊரில் பாதிக் கல்யாணப் பத்திரிகை எழுதிய கை அது.

பதிவுப் பத்திரங்கள் தயாரிப்பது என் தொழில். காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தார்.

"முத்திரை சரியா விழுந்திருக்கான்னு மட்டும் பாருடா. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

பதிவு அலுவலகம் மூடும் நேரம். எனக்கு அங்கே ஓட வேண்டிய அவசரம். சிவப்பு முத்திரையை மட்டும் பார்த்தேன்.

"எழுத்தைக் கண்ணுல ஒத்திக்கலாம் தாத்தா" என்று அனுப்பிவைத்தேன்.

அவர் இறந்தபின் மிட்சுவே உயிலோடு வந்தாள். அப்போதுதான் கடைசி வரியைப் படித்தேன். வருஷம் இருந்தது, மாதம் இருந்தது, அதன்பின் 'சுபதினம்'. கல்யாணப் பத்திரிகைகளில் தேதிக்குப் பதில் நாங்கள் அப்படித்தான் போடுவோம். எந்த நாள் என்று தெரியாத உயில் செல்லாது. என் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

வீடு ஒசாகாவில் இருக்கும் இளைய மகனுக்குப் போயிற்று. பதினோரு வருஷத்தில் இரண்டே முறை வந்தவர்.

"சட்டம் அப்படி இருக்கு அண்ணி. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிட்டா நல்லது" என்றார்.

கிளம்பும் நாளில் மிட்சுவே ஒரு பை சீமைப் பனிச்சைப் பழத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். உயிலுக்காக நான் அலைந்ததற்கு நன்றி சொல்லத்தான். பையை வாங்கி மேஜைக்கடியில் வைத்தேன்.

"மாமாவுக்குத் தன் எழுத்து மேல அவ்வளவு கர்வம் சார். விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டியிருந்தா, எனக்கு அந்த வீடு நின்னிருக்கும் இல்ல?"

"ஆமாம்மா" என்றேன்.