தலத்தெருக்காரரின் ஃபில்டர்

அந்த மனுஷனை ஜெயிச்சே தீரணும்னு எனக்கு வெறி பிடிச்சிருந்தது. அதுக்காக இன்னைக்கும் நான் வெட்கப்படலை.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்கால் பக்கம் பொழுதுபோக்குக்காக ரேடியோவில் தந்தி மாதிரி மோர்ஸ் அடித்துப் பேசிக்கொள்கிற அமெச்சூர் ரேடியோக்காரர்களை விரல்விட்டு எண்ணிடலாம். தலத்தெருவில் அவர், நெடுங்காட்டில் நான். பிரான்ஸிலிருந்த மச்சான் அவருக்கு ஒரு ரிசீவர் அனுப்பியிருந்தார். அதில் ஃபில்டர் உண்டு. சுவிட்சைத் திருப்பினால் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் கேட்கும், பக்கத்தில் அடிக்கிறவன் சத்தம் துளிகூட வராது. என்னுடையது நானே சால்டர் வச்சுக் கட்டினது. நாலைந்து பேர் ஒண்ணாக் கத்துவார்கள், வேண்டியவனைக் காதால்தான் பிரிக்கணும்.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவர் ஹெட்போனை வச்சுப் பார்த்துட்டு, "மீன் மார்க்கெட்டுங்க இது. வருஷாவருஷம் நடக்கிற ரேடியோ போட்டி பக்கமெல்லாம் வராதீங்க, மானம் போயிடும்" என்றார். அதுவும் என் மாமனார் எதிரில். ஏற்கெனவே ரேடியோவை வெட்டிவேலை என்று சொல்லிக்கொண்டிருந்த மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இரு, வச்சுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில். அதிகம் பேரைத் தொடர்பு கொள்கிறவருக்கு முதலிடம். உட்கார்ந்ததும் ரேடியோவில் அவரைத்தான் தேடிப் பிடித்தேன். யாராவது வாங்க என்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தார். பதில் வரத்தான் செய்தது. ஆனால் நம்ம ஆட்கள் பாதிப் பேரிடம் இருந்தது ஒரே கிரிஸ்டல் போட்டு வீட்டில் செய்த செட்டு. கிரிஸ்டலுக்கு ஒரே அலைவரிசைதான், அதை இம்மிகூட நகர்த்த முடியாது; அதனால் அவர் அலைவரிசைக்குக் கொஞ்சம் தள்ளித்தான் பதில் அடிப்பார்கள். ஃபில்டரைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தவருக்கு அது எங்கே கேட்கும்? எனக்கு எல்லாமே கேட்டது. என் செட்டின் அலைவரிசையை இஷ்டத்துக்கு நகர்த்தலாம். அவர் காதில் விழாதவர்களிடம் நானே போய், ஒவ்வொருத்தராக அள்ளிக்கொண்டேன். அப்படி ஒரு சுகத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

முடிவு வந்தபோது நான் முதலில், அவர் எங்கேயோ கீழே. மறுநாளே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"எனக்கு யாருமே பதில் சொல்லலைங்க. ஃபில்டர் பத்தலையோ? இதைவிட ஒடுக்கமா ஒண்ணு இருக்காம். மச்சானை அனுப்பச் சொல்லவா?"

ஃபில்டரை அணைச்சாலே போதும்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, முழுங்கிட்டேன்.

"தாராளமா வரவழைங்க," என்றேன். "அது ஒண்ணுதாங்க குறை."

வரவழைத்தார். அடுத்த வருஷம் அவருக்குப் பதில் சொல்லியும் அவர் காதில் விழாத ஒருத்தரைக்கூட நான் விடவில்லை.