சம்மதமில்லை என்று சொன்னவள்

போன ஞாயிற்றுக்கிழமை, மஸ்கெலியா பக்கம் தங்கை செல்வராணி வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அவள் கொழுந்து பறிப்பவள். அன்று கோயில் கமிட்டிக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்.

தேர்ந்தெடுப்பதாவது? பெயர் ஏற்கெனவே முடிவாகிவிட்டது — டவுன் முதலாளி ஒருவர்.

யார் இவர்? கோயிலுக்கு ஸ்பீக்கர் கொடுத்தவர். பாடசாலைக்குக் கூரை போட்டவர். நோயாளிகளுக்கு வேன் விடுபவர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பையன்களுக்கு ஐஸ் போதைப்பொருள் வருவதும் இவருடைய ஆட்கள் வழியாகத்தான். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பிரதேச சபைத் தேர்தலில் யார் நிற்பது என்பது இவர் வீட்டு ஹாலில்தான் முடிவாகும்.

இப்படிப்பட்டவர்கள் முதலில் கத்தியோடு வருவதில்லை, வாசகர்களே. உதவியோடு வருகிறார்கள். நன்றி சொல்லிச் சொல்லியே நம் வாய் அடைத்துப்போகிறது...

"எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார் செயலாளர்.

தலைகள் ஆடத் தொடங்கின.

"எனக்குச் சம்மதமில்லீங்க."

எழுந்து நின்றது என் தங்கை!

முதலாளி கோபப்படவில்லை. சிரித்தார். "ஏன் தங்கச்சி, ஒன் மகளுக்கு வலிப்பு வந்தப்ப டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரு வேனு?"

"ஒங்க வேன்தாங்க. அதுக்கு அன்னைக்கே கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனா எங்க லயத்துல மூணு பயலுக ஐஸ் அடிச்சுப் புத்தி கெட்டுக் கெடக்குறானுகளே... அவனுக அம்மாமாருக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

வாராவாரம் ஊருக்கு உபதேசம் எழுதும் நான் என்ன செய்தேன்? தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறைப்பானேன்?

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். அந்த மூவரில் ஒருவனின் தாய். "எனக்கும் சம்மதமில்ல." பக்கத்தில் இன்னொருவர்... அப்புறம் வரிசையாகப் பெண்கள். கடைசியாகத்தான் ஆண்கள் — நானும்!

முதலாளி ஜீப்பில் ஏறிப் போனார். தோட்டப் பாடசாலை டீச்சர் தலைவரானார்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுத் தங்கை கொழுந்து மலைக்குப் போக வேண்டும். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. துணைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் — வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள், கூடையும் கையுமாக!

"நீங்க உள்ள இருங்கண்ணே. நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்றார் ஒருவர்.

"பயமா இல்லியா?" என்று தங்கையிடம் மெல்லக் கேட்டேன்.

"பயந்தாண்ணே. அதுக்காகச் சாமியையும் அவருகிட்டயே குடுத்துற முடியுமா?"

அன்று ஹட்டன் வரும்வரை, பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம் அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். பாவம், அந்த மனிதர் கேட்டது மணி என்ன என்று மட்டும்தான்!