துபாயிலிருந்து காதுகுத்துக்கு நாலு மணி நேரமாம்!

வெளிநாட்டிலிருக்கும் தாய்மாமனை நம்பிக் காதுகுத்துக்குத் தேதி வைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நடந்தது 1992 ஆவணியில். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

திருச்சுழிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து. அவளை மடியில் வைக்க எனக்கு ஒரே தம்பி, துபாயில். அவனைக் கேட்காமலே முகூர்த்தம் குறித்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். ஞாயிறு பத்தரை முதல் பன்னிரண்டு.

"சனி ராத்திரி பதினோரு மணிக்குப் பிளேனு. நாலு மணி நேரம். மூணு மணிக்குத் திருவனந்தபுரம். கார்ல ஏழு மணி நேரம். பத்துக்குக் கோயில்ல நிப்பான்."

"மச்சான், அது துபாய் மணி. நம்ம கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஓடுது."

"ஆகாசத்துல வாரவனுக்கு என்னம்மா கணக்கு? நடந்தா வாரான்?"

வீடே சிரித்தது. தம்பி பிந்தினால் தன் மச்சினன் மடியில் வைத்துவிடலாம் என்று அவர் பேசியதும் என் காதில் விழுந்தது. தம்பியை நானே திருவனந்தபுரம் போய்க் கூட்டிவருகிறேன் என்று கிளம்பினேன். "பிள்ளைய விட்டுட்டுப் போ" என்றார் மாமியார். விடவில்லை. பிள்ளையோடும் வீட்டுக்காரரோடும் வாடகைக் காரில் ஏறினேன். போக வர 560 கிலோமீட்டர், 1,680 ரூபாய்.

துபாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விமானம் சொன்னபடி நாலே மணி நேரத்தில், நம் மணி நாலரைக்கு இறங்கியது. தம்பி வெளியே வந்தது ஏழுக்கு.

"கஸ்டம்ஸ்ல பெட்டியப் பூராம் கவுத்துட்டானுகக்கா. டேப் ரிக்கார்டருக்கு எதுக்கு வரின்னு கேட்டேன், ஓரமா நில்லுன்னுட்டான்."

வழியெல்லாம் டிரைவரை அவசரப்படுத்தினேன். "வண்டிக்கு ரெக்கை இல்லக்கா" என்றார்.

கோயிலுக்கு வந்தபோது மணி இரண்டு. பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காது குத்த வந்த ஆசாரி பையைக் கட்டிவிட்டார்.

"வந்துட்டாருய்யா ஆகாசத் துரை! நேரம் போச்சு. அடுத்த லீவுல பாப்போம்" என்றார் மச்சான்.

அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ!

"எமகண்டம் ஒன்றரைக்கே முடிஞ்சிருச்சு. ராகுகாலம் நாலரைக்குத்தான். சாமி எங்கயும் எந்திரிச்சுப் போகல. ஆசாரி, உக்காருங்க!"

யாரும் அசையவில்லை. என் வீட்டுக்காரர்தான் போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தார். தம்பி கால் கழுவி உட்கார்ந்தான். அவன் மடியிலேயே என் மகள் வீறிட்டு அழுதாள். இரண்டு காதும் குத்தியாயிற்று.

விசேஷம் வைக்கிறவர்களே, ஆள் இறங்கிய மறுநாளுக்கு வையுங்கள். ஊர் மணி வித்தியாசத்தைக் கூட்டுங்கள். கஸ்டம்ஸ் சோதனைக்கு மூன்று மணி நேரம் தள்ளுங்கள். வருகிறவனைக் கேட்டுவிட்டு முகூர்த்தம் குறியுங்கள்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் கிடாய், எங்கள் செலவு. ஒரு துண்டு கறி எடுத்து வைத்திருக்கவில்லை. தாய்மாமன் கடல் தாண்டி வந்து வெறும் ரசஞ்சோறு தின்றான். நேரம் பிந்தியதை மறந்துவிட்டேன். அந்த இலையை மறக்கமாட்டேன்.