பெஞ்சின் அடியில் கைநாட்டு

ஒரு தப்பைத் தெரிந்துகொண்டவர், அதைச் செய்யாதவராக எத்தனை நாள் இருக்க முடியும்? செம்பாக்கம் தனத்திடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் அவளுடைய பதினான்கு வருஷ வாழ்க்கையை அடுக்கிப் பார்த்தால் இதைத் தவிர வேறு கேள்வி அகப்படுவதில்லை.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, துரைராஜின் சிமெண்ட் பட்டறை இருந்தது. கிணற்று உறை, ஜன்னல் ஜாலி, வேலிக்கு நடும் தூண், பஸ் நிறுத்தங்களில் போடும் பெஞ்சு எல்லாம் அங்கே வார்த்தார்கள். தனத்துக்குத் தண்ணீர் விடும் வேலை. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வார்த்த சிமெண்ட் வெயிலில் காய்ந்து வலுப்பெறுவதில்லை, ஈரத்தில் ஊறித்தான் வலுப்பெறுகிறது. சாக்கு போர்த்தி மூன்று வாரம் விடாமல் நனைத்த பெஞ்சு மழையிலும் வெயிலிலும் ஒரு தலைமுறை கிடக்கும். ஐந்தாம் நாளே கைவிட்ட பெஞ்சும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிவதற்குப் பல வருஷம் ஆகும், அதற்குள் வார்த்தவர் யார் என்பதே மறந்துபோயிருக்கும்.

தனத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தப் பலகை எந்த வாரம் வார்த்தது என்று நினைவு வைக்க அவளாக ஒரு வழி செய்துகொண்டிருந்தாள். உட்காரும் பலகையைக் கவிழ்த்து வார்ப்பார்கள்; வழவழப்பான முகம் தகரத்தின் மேல் இருக்கும், அடிப்பக்கம் வானத்தைப் பார்த்திருக்கும். அந்த ஈரத்தில் அவள் பெருவிரலை அழுத்துவாள். முதல் வாரத்துப் பலகைக்கு ஒரு குழி, அடுத்த வாரத்துக்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று. பலகை நிமிர்ந்து காலின் மேல் ஏறிவிட்டால் அந்தக் குழிகளை யாரும் பார்க்கப்போவதில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் பட்டறைக் கிணறு வறண்டது. அந்தச் சமயம் பார்த்து, தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் பஸ் நிறுத்தங்களில் போட வியாபாரிகள் சிலர் சேர்ந்து பதினெட்டு பெஞ்சுகள் கேட்டிருந்தார்கள். துரைராஜ் லாரியில் தண்ணீர் வரவழைத்தார். முதல் நாள் வாளியைக் கவிழ்க்கும்போது தெறித்த தண்ணீர் தனத்தின் உதட்டில் பட்டது. நாக்கால் தொட்டுப் பார்த்தாள். பள்ளிக்கரணைப் பக்கத்து உப்புத் தண்ணீர்.

கலவை போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி அரிகிருஷ்ணனிடம் போய்ச் சொன்னாள்.

"மேஸ்திரி, தண்ணி கரிக்குது."

"கரிச்சா இன்னா? பெஞ்சுக்குப் பிரஷரா கீது?"

மண் சலித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இல்ல மேஸ்திரி, உப்புத் தண்ணி பட்டா உள்ள கம்பி துரு புடிச்சிடும்னு நீங்கதானே சொல்வீங்க."

"சொல்வேன். அத்த மொதலாளி கைல நீ போயி சொல்லு. நாளைக்கி நீயும் நானும் வூட்ல குந்திகினு நல்ல தண்ணியா குடிக்கலாம்."

அவள் போய்ச் சொல்லவில்லை. வீட்டில் கணவன் மாரி மூச்சிரைப்புக்காரன். அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. மூன்று வாரமும் அந்தத் தண்ணீரையே, ஒரு வேளை தவறாமல், சாக்கு நனைய நனைய ஊற்றினாள். பதினெட்டுப் பலகையும் மூன்றாம் வாரத்து வார்ப்பு, அதனால் மும்மூன்று குழி வைத்திருந்தாள். வேலையில் அவள் குறை வைக்கவில்லை என்பதுதான் பின்னால் அவளை அதிகமாக வதைத்தது.

ஏழு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. தொண்ணூறாம் வருஷம் ராஜகீழ்ப்பாக்கம் நிறுத்தத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, பெஞ்சின் காலில் வெற்றிலைச் சாறு போல ஒரு கறை வழிந்திருப்பதைப் பார்த்தாள். யாரோ துப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். ஆனால் கறை பலகையின் அடியிலிருந்து கசிந்திருந்தது. முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து அடியில் கையை விட்டாள். மூன்று குழி. ரேகை எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் அளவு அப்படியே இருந்தது. பெருவிரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. பக்கத்தில் பலகையின் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. துருப்பிடித்த கம்பி பருத்து, சிமெண்டை உள்ளிருந்தே பிளந்துகொண்டிருந்தது.

பெஞ்சில் இரண்டு பெண்கள் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். எழுந்திருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள். அன்று முதல் தூக்கத்தில் அவள் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டுதான் படுப்பாள் என்று மாரி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறான்.

மறு வருஷம் மேடவாக்கத்தில் ஒரு பெஞ்சு இரண்டாக முறிந்தது. யேசுதாசன் என்ற தையல்காரர், தைத்த துணி மூட்டையுடன் அதில் உட்கார்ந்திருந்தார். பலகை கணுக்காலில் விழுந்து எலும்பு நொறுங்கியது. பட்டறையில் பேச்சோடு பேச்சாக இது காதில் விழுந்ததும், தனம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனாள்.

யேசுதாசன் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். "நீ யாரும்மா? ஜாக்கெட்டு குடுத்திருந்தியா?"

"இல்லண்ணா. இந்தப் பக்கம் வந்தேன். கேள்விப்பட்டேன்."

"நல்லா கேள்விப்பட்ட போ. ஊரே வந்து பாத்துட்டுப் போவுது. என் வெயிட்டுதான் காரணமாம், என் பொண்டாட்டி சொல்றா." அவர் சிரித்தார். "மிஷினை மிதிக்கிற காலு. அதான் ஒரே பேஜார். மத்த காலா இருந்தா வுட்டுப் பிடிச்சிருப்பேன்."

"பெஞ்சு எதனால ஒடஞ்சிச்சாம்?"

"யாரு கண்டா? குந்துறதுக்கு முன்னாடி அதாண்ட கேக்கவா முடியும்?"

அவள் சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்தாள். பலகையின் அடியைப் பார்க்க நிறுத்தத்துக்குப் போகவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் துரைராஜின் மேஜைக்கு எதிரே போய் நின்று, எட்டு வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்ததைச் சொன்னாள். "மொதலாளி, அந்த வருஷத்துப் பெஞ்சுங்க அத்தினியும் வுழும். எடுத்துடச் சொல்லுங்க."

துரைராஜ் கோபக்காரர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது என் பட்டறைல வார்த்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

"அடியில என் விரலு கீது, மொதலாளி."

"விரலா?"

சொன்னாள். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப பதினெட்டுலயும் உன் கைநாட்டுதான் கீது. என் கையெழுத்து ஒண்ணுலயும் இல்ல. யோசிச்சுப் பேசு, தனம்."

அவர் மிரட்டுவதற்காகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்பது தெரியாது. அவள் அதுவரை ரேஷன் கார்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும்தான் கைநாட்டு வைத்திருந்தாள். வைத்த இடத்திலெல்லாம் ஏதோ ஒன்றுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டதாக அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு காக்கிச் சட்டை போட்டவர் தெருவில் வந்தால், அது மின்சார அளவு பார்க்க வந்தவரானாலும், அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூழாங்கல் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு நிறுத்தம் நிறுத்தமாக நடந்தாள். பலகையைத் தட்டினால், நல்ல இடம் டங்கென்று சொல்லும். உள்ளே பிளந்துபோன இடம் டொக்கென்று சொல்லும். பதினெட்டில் முறிந்தது போக பத்தைக் கண்டுபிடித்தாள். ஏழு எங்கே போயின என்று தெரியவில்லை. கண்ணில் பட்ட பத்தைவிட அகப்படாத ஏழுதான் அவளை நடுங்க வைத்தன. நாளாக ஆக, அந்தப் பத்திலும் ஒவ்வொன்றாய் மறைந்துவந்தன. சாலை அகலமானபோது மூன்று போயின, லாரி பின்வாங்கி ஒன்று போனது, சிலவற்றை யார் யாரோ துணி துவைக்கத் தூக்கிப்போனார்கள். தொண்ணூற்று நாலில் ஒன்றே ஒன்று மிச்சம். மாடம்பாக்கம் சாலையில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் இருந்தது. இடது ஓரம் மட்டும் டங்கென்றது, நடுவிலும் வலப்புறமும் டொக். பிள்ளைகள் பை மாட்டியபடி அதன் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மாரி அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டான். தனம் பட்டறை வேலையிலிருந்து நின்றுகொண்டாள். மறு வாரம் காலையில் அந்தப் பெஞ்சின் மேல் நீளத்துக்கு ஈரத்துணி விரித்து, மல்லிக் கூடை, கதம்பம், வாழை நார் எல்லாவற்றையும் பரப்பிவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒருவருக்கும் இடம் இல்லை.

தினமும் தாம்பரத்துக்கு வேலைக்குப் போகும் ரத்தினபாய்தான் முதலில் சண்டை பிடித்தவள்.

"ஏம்மா, இது பஸ்ஸுக்கு நிக்கறவங்க உக்கார்ற பெஞ்ச். உங்க அப்பா வாங்கிப் போட்டாரா?"

"பூ நசுங்கிடும், அந்தாண்ட நில்லும்மா."

"நான் முழங்கால் வலியில நிக்கணும், உன் பூவு சொகுசா படுத்துக்கணுமா?"

"நிக்கறது நல்லதும்மா. பஸ்ஸு வந்தா சட்டுனு ஏறலாம்."

"பாரேன், வாயை."

மூன்று வருஷம் இப்படியே போனது. தினம் யாராவது திட்டினார்கள். பஞ்சாயத்தில் இரண்டு முறை புகார் ஆயிற்று. பூவைத் தூக்கித் தெருவில் எறிந்தவரும் உண்டு. அவள் பொறுக்கியெடுத்துத் தண்ணீர் தெளித்து மறுபடி பரப்பினாள். அவளைத் தியாகி என்று சொல்வதற்கில்லை. உண்மையைச் சொல்லப் பயந்தாள், அதனால் கூடையை வைத்தாள். மாலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு போனால் காலைவரை பெஞ்சு காலியாகக் கிடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தை நினைத்தே சோறு இறங்காமல் மெலிந்துபோனாள்.

தொண்ணூற்று ஏழில் சம்பத் என்ற இளம் என்ஜினியர் சின்ன சுத்தியலோடு வந்தார். அந்த வட்டாரத்துப் பழைய பெஞ்சுகளை உடைத்துக் குப்பையில் போடாமல், கெட்ட இடத்தைக் கொத்தியெடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டிப் பூச்சு கொடுத்து, நல்ல தண்ணீரில் குழைத்துத் திரும்பப் பூசி நிறுத்துவது என்று திட்டம். தனம் கேட்காமலே அவர் இதையெல்லாம் சொன்னார். யார் வார்த்தது என்று அவர் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த காகிதத்தில் அதற்கு இடமே இல்லை.

"கூடையைக் கொஞ்சம் எடுங்கம்மா. தட்டிப் பாக்கணும்."

தனம் சுத்தியலைப் பார்த்தாள். பதினான்கு வருஷமாக அவள் எதிர்பார்த்திருந்த ஆள் இவர்தான். இனி அவள் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, கூடையை எடுத்தால் போதும். ஆனால் கொத்துவதற்குப் பலகையைப் புரட்டினால் அடியில் அவள் கைநாட்டு மூன்றும் தெரியும்.

அவள் இடது ஓரத்துத் துணியை மட்டும் ஒரு முழம் சுருட்டினாள்.

"இங்க தட்டு சார்."

டங்கென்றது. இன்னொரு தடவை தட்டினார். டங்.

"மத்த எடம்?"

"எல்லாம் இதே மாதிரிதான் சார். நல்லா கீது."

ரத்தினபாயின் பஸ் வந்து ஹாரன் அடித்தது. சம்பத் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தார். அவர் தலை மறைந்ததும் தனம் கூடையையும் நாரையும் துணியையும் எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு பெஞ்சின் நடுவில், டொக்கென்று சொல்லும் இடத்திலேயே போய், காலை மடித்து உட்கார்ந்து பூத் தொடுக்கத் தொடங்கினாள்.