அம்மா மன்னாருக்குப் போகவில்லை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அவருடைய அக்காவான என் பெரியம்மாவும் மன்னார்க் கடற்கரையில் கருவாடு காயப்போட்டு வளர்ந்தவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை லண்டனில் பியூரிட்டன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தலை நிமிரும். பதினேழாம் நூற்றாண்டில் இதே நகரத்தின் சந்துகளில், வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு உலகத்தின் முடிவைக் கணக்குப் பார்த்த கிறிஸ்தவர்கள் அவர்கள்.

மோர்டனில் எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. அம்மா பிறப்பால் கத்தோலிக்கர். லண்டன் வந்த பிறகு, ஸ்ட்ரெதமில் ஒரு வாடகை மண்டபத்தில் கூடும் தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தார். அங்கே மேடைக்குப் பின்னால் ஒரு துணிப்படம் தொங்கும். விசுவாசிகள் ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படும் இரகசிய வருகை, பிறகு உபத்திரவ காலம், பிறகு ஆயிரம் வருட அரசாட்சி. எந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆயிரம் வருட அரசாட்சி சீக்கிரம் வரும் என்று பியூரிட்டன்கள் பலர் ஏங்கினார்கள். பாப்பரசரை அந்திக்கிறிஸ்து என்றார்கள். இரகசிய வருகையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போதகர்கள். எல்லாம் ஒன்றாகி, அமெரிக்கா போய், தமிழாகி, ஸ்ட்ரெதமில் வந்து தொங்கியது.

பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் வருவார். முகம் வீங்கியிருக்கும், வாய் மட்டும் குறையாது.

"ஆகாயத்துக்குப் பறக்கப் போறவளுக்கு மன்னாருக்குப் பறக்க ஏலாதோடி?"

"வாறன் அக்கா. ஆண்டவருக்குச் சித்தமெண்டா வாறன்."

"அவருக்குச் சித்தம்தான். உனக்குத்தான் இல்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். போனை வைத்ததும் நான் கேட்டேன், "உண்மையா ஏன் போகேல்லை?"

அம்மா குரலைத் தாழ்த்தினார். "அக்கா வீட்டில மாதா சொரூபம் கிடக்கு. பின்னேரம் எல்லாரும் முழங்காலில நிண்டு செபமாலை சொல்லுவினம். நான் அதுக்குள்ள நிக்கேக்க வருகை வந்திட்டா? சிலை கும்பிட்டவள் எண்டு ஆண்டவர் என்னை விட்டிட்டெல்லே போயிடுவார்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "முடிவு கிட்ட எண்டு நம்பின பியூரிட்டன் ஆக்கள் கடல் தாண்டிப் போனவை அம்மா. பள்ளிக்கூடம் கட்டினவை."

"கட்டட்டும். அவையின்ர காலத்தில வருகை வரேல்லைத்தானே."

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அம்மா சம்மதித்தார். ஆனால் சபையின் உபவாசக் கூட்டங்கள் முடியட்டும் என்றார். அவை முடிவதற்குள் பெரியம்மா போய்விட்டார்.

அடக்கத்தைப் போனில் பார்த்தோம். பெரியம்மாவின் விரல்களில் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். அம்மா அழவில்லை. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டு, குடிக்காமல் வைத்துக்கொண்டு இருந்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். கத்தோலிக்க ஆக்கள் எடுத்துக்கொள்ளப்பட மாட்டினம் எண்டு பாஸ்டர் சொல்றவர். அப்ப அக்காவை நான் அங்கயும் காண மாட்டனோ? நீ படிக்கிற ஆக்கள் என்ன எழுதி வச்சிருக்கினம்?"

அவர்கள் எழுதியது எனக்கு நன்றாகத் தெரியும். என் இரண்டாம் அத்தியாயமே அதுதான். ரோமச் சபையோடு சேர்ந்து யார் யார் அழிவார்கள் என்று வரிக்கு வரி விளக்கி, பேராசிரியரிடம் பாராட்டும் வாங்கியிருந்தேன். பாஸ்டரின் பிரசங்கத்துக்கு வேர் எங்கே என்று என்னால் அம்மாவுக்குக் காட்டியிருக்க முடியும். அந்த வேர் எவ்வளவு ஆழம் என்பதுதான் அவர் காதில் விழக் கூடாததாக எனக்குப் பட்டது.

"அவைக்குப் பெரியம்மாவைத் தெரியாது அம்மா," என்றேன்.

அம்மா கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"தெரிஞ்ச நானே போகேல்லையே."