ஏழாம் இலக்கச் சன்னம்

பாடன் நகரில் அம்மா வேலை செய்த உணவகத்தில், இலையுதிர் காலச் சனிக்கிழமைகள் இறகு பிடுங்குவதிலேயே போகும். முதலாளியின் தம்பி எல்லை கடந்து பக்கத்து நாட்டின் அல்சாஸுக்குப் போய், ஃபசான் எனும் நீண்ட வால் காட்டுக்கோழிகளைச் சுட்டு வருவார். அப்பாவுக்குச் சனிக்கிழமையும் வேலை என்பதால் நானும் அம்மாவுடன் போவேன். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் பழகியிருந்ததால் அங்கே அம்மாவுக்காகக் கதைப்பது நான்தான்.

அந்தக் கோடையில் ஊரிலிருந்து, அம்மாவின் உடன்பிறந்த மாமா துப்பாக்கிச் சூடுபட்டு இறந்த செய்தி வந்திருந்தது. துக்கம் விசாரிக்க வருபவர்களிடம் அம்மா ஒரே வசனத்தைச் சொல்வார்: "உடனையே உயிர் போயிட்டுதாம். வேதனைப்படேல்லையாம்."

இறகு பிடுங்கியபின், சதைக்குள் கிடக்கும் சன்னங்களை, அந்தச் சிறு ஈயக் குண்டுகளை, விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும். தப்பிய ஒன்று ஒரு வாடிக்கையாளரின் பல்லை உடைத்தது. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்றார் முதலாளி.

"இவ்வளவு சன்னமும் என்னத்துக்கு எண்டு கேள். கோழி சுடுறாரோ, சல்லடை செய்யிறாரோ?" என்றார் அம்மா. சல்லடைப் பேச்சை விட்டுவிட்டு மீதியை ஜெர்மனில் கேட்டேன்.

முதலாளியின் தம்பி பொறுமையாக விளக்கினார். அவர் பாவிப்பது ஏழாம் இலக்கம். இலக்கம் குறையக் குறையச் சன்னம் பெரிதாகும், தோட்டாவில் எண்ணிக்கை குறையும். குழலின் வாய் ஒடுங்கியிருந்தால் சன்னங்கள் நெருங்கிப் பாயும், அகன்றிருந்தால் பரவும். விரல்களைக் குவித்தும் விரித்தும் காட்டினார். கோழியில் குறைவாகப் படும்படி அடுத்த முறை மூன்றாம் இலக்கம், அகன்ற வாய்க் குழல் என்று முடிவாயிற்று.

அடுத்த சனிக்கிழமை வந்த கோழிகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று காயங்கள்தான். அம்மா குனிந்திருந்த நாரியை நிமிர்த்தி ஒரு மூச்சு விட்டார். கடைசிக் கோழியைக் கொளுவியில் தொங்கவிடத் தூக்கியபோது அது கண்ணைத் திறந்தது. வழி முழுக்க உயிரோடு கிடந்திருக்கிறது. தம்பி ஓடி வந்து கழுத்தைத் திருகினார்.

"முந்தின மாதிரியே சுடச் சொல்லு. சன்னத்தை நான் பாத்து எடுப்பன்" என்றார் அம்மா.

"அம்மா, பிறகு உங்களை வேலையால நிப்பாட்டிப் போடுவினம்."

"சொன்னதைச் சொல்லு."

சொன்னேன். தம்பி யோசித்து, ஐந்தாம் இலக்கமும் அரைவாசி ஒடுங்கிய வாயும்தான் நடுவழி என்றார்.

"அதில உடனையே சாகுமோ எண்டு கேள்."

அவர் தோளைக் குலுக்கினார். "பெரும்பாலும். ஆனால் அதை யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது."

ஒரு சொல்லும் பிசகாமல் தமிழில் சொன்னேன். அம்மா குழாயடியில் நெடுநேரம் கை கழுவிக்கொண்டு நின்றார். நல்ல மொழிபெயர்ப்புக்கு ஒரு பாராட்டு வரும் என்று நான் காத்திருந்தேன்.

ஐந்தாம் இலக்கம் அந்தப் பருவம் முழுவதும் நீடித்தது, அம்மாவின் வேலையும் நீடித்தது. விசாரிக்க ஆட்களும் வந்தார்கள். அம்மா தேத்தண்ணி கொடுத்தார், மாமாவின் படத்தைக் காட்டினார். வேதனைப்படேல்லையாம் என்ற அந்த வசனத்தை மட்டும் பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மா மறந்துவிட்டார் என்று நினைத்து, ஒருநாள் வந்தவர்களிடம் அவருக்காக நானே அதைச் சொன்னேன்.